நட்டு நாலும் கழன்ற பிறகும் வீல் வரவில்லையா?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது ஆறு வருஷ ஸ்விஃப்ட், அலாய் வீல். போன வாரம் முன்பக்க இடது டயர் பஞ்சர். ஜாக்கி வைத்து நாலு நட்டையும் கழற்றிவிட்டேன், வீல் அசையவே இல்லை. காலால் உதைத்ததில் ஜாக்கி லேசாகச் சாய்ந்தது, பயந்து விட்டுவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் வீலைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி அடைத்துக் கொடுத்தார். வீல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கேஸ் வைத்துச் சூடு காட்டச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?"

சூடு காட்டாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். பயந்து விட்டுவிட்டது நல்ல காரியம். பஞ்சர் கடைக்காரரும் சரியாகத்தான் செய்திருக்கிறார். ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருப்பது தரையில் படும் பட்டைப் பகுதியில் என்றால், வீல் வண்டியில் இருக்கும்போதே அடைத்துவிடலாம். நடுரோட்டில் வீல் வராமல் மாட்டிக்கொள்கிற எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீல் ஏன் ஒட்டியது என்று பார்ப்போம். அது தெரிந்தால் எங்கே தட்டுவது என்பதும் தெரிந்துவிடும். வீலை மாட்டுகிற, அதோடு சேர்ந்து சுழலும் பாகம்தான் ஹப். அதன் நடுவில் ஒரு வட்ட மேடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீலின் நடுத்துளை அதன்மேல் கச்சிதமாக உட்காரும். ஸ்விஃப்டில் அந்தத் துளை 54.1 மில்லிமீட்டர். இடைவெளி என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. ஹப் இரும்பு, உங்கள் வீல் அலுமினியம். இந்த இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதில் கரைவது அலுமினியம்தான். அது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பூப்பு அலுமினியம் இருந்ததைவிடக் கூடுதல் இடம் கேட்கும். பக்கத்தில் இரும்புத் துருவும் வீங்கும். நகர இடமில்லாத இடுக்கில் இரண்டும் சேர்ந்து ஆப்பு அடித்தது போல இறுகிவிடும்.

உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, உலோகம் துருப்பிடிப்பதை ஆராய மண்டபம் முகாமிலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபுறமும் கடல், வருஷம் முழுக்க உப்புக்காற்று. ஆறு வருஷத்தில் எத்தனை முறை வீலைக் கழற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருமுறையும் இல்லை என்பது என் ஊகம்.

ஆக, உங்கள் வீலைப் பிடித்து வைத்திருப்பது அந்த வட்ட மேட்டைச் சுற்றிய மெல்லிய வளையம் ஒன்றுதான். அது ஒரு இடத்தில் பொடிந்தால் போதும், மற்ற இடங்களிலும் தளரும். அதனால் ஒரே பக்கம் ஓங்கி அடிப்பதைவிட, சுற்றிச் சுற்றி அளவாகத் தட்டுவதுதான் பலன் தரும்.

தட்டுவதற்கு முன் ஒரு விஷயம். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியை உதைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, உலுக்கக் கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி நேராகத் தூக்குவதற்கு மட்டும்தான். பக்கவாட்டு இடியை அது தாங்காது. நான் தொழில் பழகிய நாட்களில் பட்டறை வாசலில் ஒருவர் இப்படித்தான் உதைத்தார். மூன்றாவது உதையில் வீல் வந்துவிட்டது, கூடவே ஜாக்கியும் மடங்கிவிட்டது. வீல் இல்லாத பக்கம் அப்படியே இறங்கி, பிரேக் டிஸ்க்கின் விளிம்பு தார் ரோட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குப் பதிந்தது. அவருடைய கால் ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்தப் பள்ளத்தை வெகுநாள் மூடாமல் வைத்திருந்தோம். புதுப் பையன்கள் வந்தால் முதலில் காட்டுவது அதைத்தான்.

சரி, இனி வேலை. சாயங்காலமே ஆரம்பித்துவிடுங்கள். நடு மூடியைக் கழற்றினால் ஹப்பும் வீலும் சேரும் வட்டக் கோடு தெரியும். துரு இளக்குவதற்கென்றே பெனட்ரேட்டிங் ஆயில் என்று ஸ்ப்ரே டப்பாவில் வருகிறது. அதன் மெல்லிய குழாயை வைத்து அந்தக் கோட்டில் மட்டும் சுற்றிலும் அடியுங்கள். கையில் டபிள்யூ.டி. 40 தான் இருக்கிறது என்றால் அதுவும் பரவாயில்லை. ஆனால் அது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான சரக்கு, துருவை இளக்குவதில் பெனட்ரேட்டிங் ஆயிலைவிட ஒரு படி குறைவு. எதுவானாலும் கொஞ்சமாக அடியுங்கள். வழிந்து டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ பட்டால் பிரேக் பிடிக்காது. டீசல், மண்ணெண்ணெய் ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. எங்கே போகிறது என்று கட்டுப்படுத்த முடியாது, டயர் ரப்பரையும் கெடுக்கும். அடித்துவிட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள்.

காலையில் முதலில் வண்டியின் எடையையே வேலை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். நாலு வீலும் தரையில் இருக்கட்டும், டயரில் சரியான காற்று இருக்கட்டும். இடது முன் வீலின் நாலு நட்டையும் இளக்கி, கையால் இறுக்கி, அங்கிருந்து ஒரு சுற்று மட்டும் திருப்பி விடுங்கள். ஸ்விஃப்ட் நட்டில் ஒரு சுற்று என்பது ஒன்றேகால் மில்லிமீட்டர். வளையம் உடைய அந்த இடைவெளி போதும். நட்டு, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பியான ஸ்டட்டிலேயே இருப்பதால் வீல் கழன்று ஓடாது. இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். முதலில் வண்டியின் தோளைப் பிடித்து இரண்டு பேர் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அசையவில்லை என்றால் ஆளில்லாத சமதளத்தில் வண்டியை எடுத்து, நடை வேகத்தில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் போய் சட்டென்று பிரேக் பிடியுங்கள். அப்புறம் பின்னால் அதே மாதிரி. 'டங்'கென்று ஒரு சத்தம் கேட்கும். கேட்ட உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் ஸ்டட்டும் வீலில் நட்டு உட்காரும் குழியும் அடிவாங்கும். ரோட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது.

ஏழெட்டு முறைக்கும் சத்தம் வரவில்லை என்றால் தட்டத்தான் வேண்டும். மற்ற வீல்களுக்குக் கல் அணை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஜாக்கியில் தூக்கி, ஜாக்கி முனைக்குப் பக்கத்தில் வண்டியின் எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கியான ஆக்சில் ஸ்டாண்டை நிறுத்தி, எடையை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஸ்டாண்டு இல்லை என்றால் இந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். செங்கல்லை அடுக்கி ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், அது நொறுங்கும். நட்டுகளை முழுதாகக் கழற்றாமல் நுனியில் நாலைந்து சுற்று இருக்கும்படி விடுங்கள், வீல் திடீரென்று பாய்ந்து வந்தாலும் ஸ்டட்டில் நின்றுகொள்ளும்.

முன் வீல் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுதாக ஒடித்தால் டயரின் முன்பாதி வெளியே வந்து அதன் உள்பக்கம் தெரியும். வலதுபக்கம் ஒடித்தால் பின்பாதியின் உள்பக்கம் தெரியும். வண்டிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டிய தேவையே இல்லை. டயரின் உள்பக்கச் சுவரில் கெட்டியான ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் சுத்தியலால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ரப்பரில்தான் தட்ட வேண்டும், அலாயில் நேராக அடித்தால் விரிசல் விடும். இரண்டு தட்டு, வீலைக் கால் சுற்று திருப்பு, மறுபடி இரண்டு தட்டு. நடுநடுவே ஸ்டியரிங்கையும் மறுபக்கம் ஒடித்துக்கொள்ளுங்கள்.

வீல் விடுபடும் நேரம் கையில் நன்றாகத் தெரியும். அதுவரை கட்டையில் பட்ட அடி கல்லில் பட்டது போலத் திரும்பி வரும். திடீரென்று ஒரு அடி மட்டும் மெத்தையில் விழுந்தது போல அமுங்கும். தனுஷ்கோடிக்கு டிரிப் அடிக்கும் ஒரு இன்னோவாவில் முக்கால் மணி நேரம் தட்டிய பிறகுதான் எனக்கு அந்த அடி கிடைத்தது. வீலை இழுத்தபோது நடுத்துளையிலிருந்து கோலமாவு போல வெள்ளைப் பொடி கொட்டியது. கூடவே வளையல் துண்டு மாதிரி மெல்லிய துருச் சில்லு ஒன்றும் விழுந்தது. அவ்வளவு பெரிய வண்டியின் வீலைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

இப்போது சூடு விஷயத்துக்கு வருகிறேன். காற்றடைத்த டயர் மாட்டிய வீலைச் சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், ரப்பரும் உள்ளுக்குள் வெந்து வாயுவை விடும், டயர் வெடிக்கும். அதன் எதிரே குனிந்திருப்பது நீங்கள்தான். பெனட்ரேட்டிங் ஆயில் அடித்த இடம் என்றால் தீயே பிடித்துவிடும். வெடிக்காமல் தப்பினாலும் ஹப் பேரிங்கின் கிரீஸ் உருகும், வீல் சுழலும் வேகத்தைப் பார்க்கும் ஏ.பி.எஸ். சென்சார் போகும், அலாய் வலுவிழக்கும். கடப்பாரையை டிஸ்க்குக்குப் பின்னால் கொடுத்து நெம்புவதும் வேண்டாம். அங்கே இருப்பது தகரம் மாதிரி மெல்லிய தடுப்பு, உடனே வளைந்து டிஸ்க்கில் உரசும்.

வீல் வந்தவுடன் அப்படியே திருப்பி மாட்டிவிடாதீர்கள். ஹப்பின் மேட்டையும் முகத்தையும் வயர் பிரஷ் போட்டு, பிறகு உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். வீலின் துளைக்கு வயர் பிரஷ் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். முகத்தில் துருக்கட்டி மிச்சமிருந்தால் வீல் சமமாக உட்காராது. ஓட ஓடக் கட்டி நசுங்கி நட்டு தளர்ந்துபோகும். துடைத்துவிட்டு, ஹப்பின் வட்ட மேட்டில் மட்டும், உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். அலாய் வீலுக்கு அலுமினியம் அல்லது செராமிக் கலந்ததாக வாங்குங்கள். செம்பு கலந்தது கடைகளில் அதிகம் கிடைக்கும், ஆனால் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் பழைய கதைதான். எதுவும் கிடைக்காவிட்டால் சாதாரண வீல் பேரிங் கிரீஸைத் தடவினாலும் உப்புத் தண்ணீர் நுழையாது. ஸ்டட் மரையிலும் நட்டு உட்காரும் குழியிலும் எதையும் தடவாதீர்கள். வழுக்கலான மரையில் அதே அளவு இறுக்கினாலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும். நட்டுகளை எதிரெதிராக, வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.

மற்ற மூன்று வீலும் இதே காற்றில்தான் நின்றிருக்கின்றன, அதே வாரத்தில் அவற்றையும் கழற்றிப் பாருங்கள். பின்பக்கம் டிரம் பிரேக் என்பதால் அங்கே வீல் டிரம்மோடு ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத் தட்டினால் டிரம்மும் சேர்ந்து கையோடு வந்துவிடக்கூடும், போட்டே வைத்திருங்கள். முடிந்ததும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு வருஷமாக அதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.