சி டிரைவ் நிரம்பிவிட்டது, எஃப்-ஐ அழிக்கலாமா?

ஏற்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "சேலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர், 512 ஜிபி எஸ்எஸ்டி. சி-க்கு 80 ஜிபி, மீதியை டி, இ, எஃப் என்று சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சி சிவப்பாகிவிட்டது. காபித் தோட்டக் கணக்கும் குடும்பப் போட்டோக்களும் டி-யில். மற்ற இரண்டும் காலி. எஃப்-ஐ அழித்தால் சி பெரிதாகுமா?"

ஆகாது. டிரைவ்களைப் பிரிக்கவும் அழிக்கவும் விண்டோஸிலேயே இருக்கும் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட், ஒரு டிரைவை அதற்கு அடுத்தபடி, வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்துக்குள் மட்டும்தான் நீட்டும், நடுவில் டி நிற்கும்வரை எஃப்-ஐ அழித்தும் பயனில்லை.

விண்டோஸ் 11-க்கே குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதன்மேல் அப்டேட், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்), டெஸ்க்டாப்பிலும் டவுன்லோடிலும் சேருவது எல்லாம் சி-யில்தான் விழும். 80 ஜிபி எப்படிப் போதும்?

டி-யில் இருப்பதை முதலில் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள், சில ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். அப்புறம் எஃப்-க்கும் காப்பி செய்யுங்கள். டி-யில் ஏதாவது புரோகிராம் போட்டிருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, டி, இ இரண்டையும் டெலீட் வால்யூம் கொடுத்து, சி-மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம். முடிந்ததும் எஃப்-இன் எழுத்தை டி என்று மாற்றிவிடுங்கள், கணக்கு சாஃப்ட்வேர் தன் ஃபைலைப் பழைய இடத்திலேயே தேடும்.

எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் சி-க்குப் பக்கத்தில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்க ஒதுக்கிய பகுதி) உட்கார்ந்திருக்கும். அதை அழிக்கப் போகாதீர்கள். டி-யில் இருந்ததற்குக் காப்பி இருக்கிறதே, சி-யில் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோடிலும் இருப்பதையும் வெளியே காப்பி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டு அப்போதே இரண்டாகப் பிரித்துக்கொள்வது நிம்மதி.

மலையில் இடியும் மின்வெட்டும் சகஜம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இனி நாலாகப் பிரிக்கவே வேண்டாம். எஸ்எஸ்டியில் அதனால் வேகம் அதிகரிக்காது. வைரஸ் வந்தால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்யலாம் என்ற வசதிக்கு ஒரு டி போதும், ஆனால் அந்த எஸ்எஸ்டி ஒருநாள் செத்தால் சி, டி இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே காப்பி எடுத்த ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், கணக்கு முடிக்கும் ஒவ்வொரு மாதமும் மாட்டிப் புதுப்பியுங்கள்.