வயதை மட்டும் காட்டித் தீவிர சிகிச்சையை மறுக்கலாமா?

வணக்கம். கொரோனா தொற்றால் மூச்சுத்திணறலோடு சேர்க்கப்பட்ட உங்கள் 74 வயதுத் தந்தைக்கு, "இந்த வயதில் தீவிர சிகிச்சை பயன் தராது" என்று மருத்துவமனையில் கூறியதாக எழுதியிருந்தீர்கள். நோய் வரும்வரை தம் வேலைகளைத் தாமே செய்துவந்தவரைப் பற்றி இப்படிச் சொன்னது மிகுந்த வருத்தம் தருகிறது.

படுக்கைகள் போதாதபோது யாருக்கு முன்னுரிமை என்று மருத்துவர்கள் தீர்மானிக்க நேர்வது உண்மைதான். ஆனால் அத்தீர்மானம் பிழைக்கும் வாய்ப்பையும் உடல்நிலையையும் சார்ந்திருக்க வேண்டுமேயன்றி, பிறந்த ஆண்டை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது. உயிருக்கும் உடல்நலத்துக்குமான உரிமை முதியோருக்கும் மற்றவர்களைப் போலவே உண்டு என்று 2020 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்செயலர் வெளிப்படையாக வலியுறுத்தினார்.

முதியவர்களின் உடல்தளர்ச்சியை மதிப்பிட 9 படிநிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்று உள்ளது. அதில் இப்போது படுக்கையில் கிடக்கும் நிலையை அல்ல, நோய்வாய்ப்படுவதற்கு ஏறத்தாழ 2 வாரங்களுக்கு முன்பிருந்த நிலையையே கணக்கில் எடுக்க வேண்டும். (அவசரத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.) ஆகவே அவர் அப்போது எப்படி நடமாடினார், என்னென்ன மருந்துகள் உட்கொண்டார் என்பதை எழுதி, பொறுப்பு மருத்துவரிடம் இன்றே கொடுங்கள். மறுப்புக்கான மருத்துவக் காரணத்தை நோயாளிப் பதிவேட்டில் எழுதும்படியும், வேறொரு மூத்த மருத்துவரின் கருத்தைப் பெறும்படியும் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

இதயம் நின்றால் உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற படிவத்தை நீட்டினால், விளக்கம் பெறாமல் கையெழுத்திடாதீர்கள். தந்தை நினைவோடு இருந்தால், முதலில் கேட்கப்பட வேண்டியது அவருடைய விருப்பமே.