பாலத்தில் போய் வாசித்தவர்

வாசகர் கேள்வி–பதில். இம்மாதம் பதில் சொல்பவர் சிங்கப்பூரின் தோ பாயோவில் வளர்ந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட்டில் தொடங்கியவர். இன்றும் ஹோட்டல் மேடைகளில் வாசிக்கிறார்.

ஐயா, எனக்கு 46 வயது. ஆசைப்பட்டு ஒரு ஆல்டோ சாக்ஸபோன் வாங்கினேன். நான்கறை வீடு. அரை மணி நேரம் வாசித்தாலே பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். அவர் வீட்டில் கைக்குழந்தை வேறு. இந்த வயதில் இது தேவையா, விட்டுவிடலாமா?
– வாசகர், ஈசூன்

விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சன்னி ராலின்ஸ் 1930-ல் நியூயார்க்கில் பிறந்த டெனர் சாக்ஸபோன் மேதை. 1959-ல் அவருக்கு 29 வயதுகூட ஆகவில்லை; பெயரும் புகழும் உச்சியில் இருந்த நேரம். அப்போது மேடையை விட்டு இறங்கினார். ஊர் புகழும் அளவுக்குத் தன் வாசிப்பு இன்னும் வரவில்லை என்று அவருக்குப் பட்டது. வீட்டிலிருந்து சாதகம் பண்ணலாம் என்றால், குடியிருந்தது மன்ஹாட்டனில் கிராண்ட் ஸ்ட்ரீட் அடுக்குமாடியில். பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண். அவருக்குத் தொந்தரவு கொடுக்க மனமில்லாமல் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். ஈஸ்ட் ரிவர் மேலே வில்லியம்ஸ்பர்க் பாலம் இருந்தது. ரயில் தடதடக்கும் அந்தப் பாலத்தின் நடைபாதையில், குளிர்காலத்திலும்கூட, சில நாள் 15 மணி நேரம் வரை வாசித்தார். 1961 வரை இப்படியே போனது. திரும்பி வந்து 1962-ல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘தி பிரிட்ஜ்’ என்றே பெயர்.

எல்லோரும் அந்தப் பாலத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கர்ப்பிணிப் பெண்தான் முக்கியம். அடுத்தவர் காதை நினைக்கத் தெரிந்தவருக்குத்தான் மேடையில் டிரம்ஸ்காரர் என்ன செய்கிறார், பாஸ் (அடி ஸ்வரம் தரும் வாத்தியம்) வாசிப்பவர் எங்கே போகிறார் என்று கேட்கவும் தெரியும். ஜாஸ் முக்கால்வாசி கேட்பதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். சாக்ஸபோனின் அகன்ற வாய்க்குள் துணியை அடைக்காதீர்கள். சத்தம் பெரும்பாலும் திறந்திருக்கும் துளைகள் வழியாகத்தான் வெளியே வரும். துணியால் கீழ் ஸ்வரங்கள்தான் கெடும். துணிமணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நின்று வாசியுங்கள். நான் வளர்ந்தது அப்படித்தான்: மூக்குக்கு நேரே அம்மாவின் சேலைகள், ஊதும் முனையிலுள்ள ரீட் என்ற நாணல் தகடு முழுக்க அந்துருண்டை வாசம். ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, திரும்ப இறக்கி, மூச்சு முடியும் இடத்தில் ஸ்வரமும் தானாக அடங்கும்படி பாருங்கள். மெதுவாக ஊதும்போதுதான் உதடு நடுங்கும், ஸ்ருதி விலகும். அதனால் உரக்க வாசிப்பதைவிட இதில் பாடம் அதிகம். உரக்க வாசிக்க ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போங்கள். சில சமூக மன்றங்களில் பயிற்சி அறை வாடகைக்குக் கிடைக்கும். அப்புறம், குழந்தை எப்போது தூங்கும் என்று அந்த வீட்டில் நீங்களே போய்க் கேளுங்கள்.

என் மகள் சிறு வயதிலிருந்து கர்நாடக இசை பாடுகிறாள். இப்போது ஜாஸ் கற்க வேண்டும் என்கிறாள். படித்ததெல்லாம் வீணாகுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தெம்பனிஸ்

பயம் வேண்டாம் அம்மா. 1959-ல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டின் முதல் உருப்படியைப் போட்டுக் காட்டுங்கள். அது டோரியன் என்ற ஸ்வர வரிசையில் அமைந்தது. நம் கரகரப்பிரியா ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் அதேதான். 32 பார் (தாளத்தின் சிறு அளவு) கொண்ட சுற்றில் 16 முடிந்ததும் ஆதார ஸ்ருதியே அரை ஸ்வரம் மேலே ஏறி, 8 பார் கழித்துப் பழைய இடத்துக்கு இறங்கும். அந்த இடத்தை அவள் தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

கல்பனாஸ்வரம் பாடி இடம் தவறாமல் பல்லவிக்குத் திரும்பத் தெரிந்தவளுக்கு, சுற்றுக்குள் நின்று கற்பனை செய்வது புதிதல்ல. சிரமம் வேறு இடத்தில் வரும். தம்பூராவின் ஸ்ருதி அசையாமல் நிற்கும். ஜாஸில் அடியில் ஓடும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும். இந்த நொடி இனிக்கிற ஸ்வரம் அடுத்த பாரில் உறுத்தும். அதற்குக் கொஞ்சம் பியானோ கற்றுக்கொள்வது நல்லது. கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, விட்டுவிடச் சொல்லாதீர்கள். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கமகத்தைப் பேச வைத்தவர்; அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா அவரைத் தேடி வந்து சேர்ந்து வாசித்தார்.

கற்பனை வற்றிப்போனால் என்ன செய்வீர்கள்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அடுத்தவர் வாசித்ததைக் காதால் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக எடுப்பேன். ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் 1937 கோடையில் ஊரை விட்டுத் தள்ளிப் போய், மூத்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் வாசிப்பை இசைத்தட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்தார். அப்போது அவருக்கு வயது 16. அப்படிப் பாடம் செய்தவர்தான் பின்னால் யாரைப் போலவும் இல்லாமல் வாசித்தார்.

என் அப்பா மிருதங்கம் வாசித்தவர். கை நடுக்கத்தால் இப்போது வாசிக்க முடியவில்லை. வாத்தியத்தை மூடி வைத்துவிட்டார். யாரிடமும் பேசுவதில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
– வாசகி, பிடோக்

படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது அம்மா. மேலே சொன்ன ராலின்ஸுக்கும் இது நேர்ந்தது. நுரையீரல் நோயால் 2012-க்குப் பிறகு அவர் கச்சேரி செய்யவில்லை. பிறகு வீட்டில் வாசிப்பதும் நின்றது. பாலத்தில் நாள் முழுக்க ஊதிய மூச்சு அது. அந்த இழப்பை யாராலும் வார்த்தையால் சரிக்கட்ட முடியாது. அதனால் தேற்ற முயலாதீர்கள். ‘யாருக்காவது சொல்லிக்கொடுங்களேன்’ என்றும் இப்போதே கேட்க வேண்டாம். அது அவர் வாசிக்க முடியாததைத்தான் நினைவுபடுத்தும்.

ஒரு வேலை செய்யுங்கள். நல்ல தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி) ஒன்றைக் கூடத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தாளம் போடுங்கள். தவறினால் தவறட்டும், அவர் திருத்துவார். கோர்வை (முடிவில் வரும் தாளக் கோப்பு) முடிந்ததும், அது எந்த இடத்தில் தொடங்கியது என்று கேளுங்கள். கையால் வாசிக்க முடியாத எத்தனையோ விஷயம் அவர் காதில் இன்னும் இருக்கிறது. அதை இந்த வீட்டில் கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அவர் முதல் நாள் பதில் சொல்லாவிட்டால், மறுநாள் வேறொரு பதிவைப் போடுங்கள்.