மணிக்கணக்கும் தட்டுக்கணக்கும்

கேள்வி: இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுநாள் பகல் 12 வரை எதுவும் சாப்பிடாமல் இருந்தால் எடை குறையும், இந்த முறைக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது என்கிறார்கள். மூன்று மாதமாக இருக்கிறேன், ஒரு கிலோதான் குறைந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் என் அம்மாவும் இப்போது என்னோடு சேர்ந்து பட்டினி இருக்கிறார். தொடரலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் அம்மா. நாளைக் காலையிலேயே அவருக்கு நாலு இட்லி வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல, வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். ஒருநாள் பதினொரு மணி இருக்கும், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. பேனா மூடியைத் திறக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. கேட்டதற்கு வேறு ஏதோ பதில் சொன்னார். தண்ணீரில் மூன்று கரண்டிச் சர்க்கரை கலக்கிக் கொடுத்த பிறகுதான் ஆள் தெளிந்தார். உங்கள் அம்மா போடுவது எந்த மாத்திரை என்று கடிதத்தில் இல்லை. அட்டையோடு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவர் சொல்லாமல் பட்டினி வேண்டாம்.

நோபல் பரிசு விஷயம் தவறு. 2016-ல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கொடுத்தார்கள், உண்மை. செல் தன் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறதே, அது எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காக. இடுப்புச் சுற்றளவுக்கும் அந்தப் பரிசுக்கும் சம்பந்தமில்லை.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் பின்பற்றும் இதே பகல் 12, இரவு 8 கணக்கை அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்று அதில் யாருக்கும் சொல்லவில்லை. சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2022-ல் சீனாவின் குவாங்சோவில் இன்னொரு ஆய்வு, 139 பேர், ஓராண்டு. இதில் எல்லாருக்கும் கலோரியை ஒரே மாதிரி குறைத்து, ஒரு பாதியினரை மட்டும் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிடச் சொன்னார்கள். அவர்கள் 8 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அது பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பக்கமும் இளைத்ததற்குக் காரணம் குறைத்துச் சாப்பிட்டதுதான்.

உங்கள் கடிதத்தில் மணிக்கணக்கு இருக்கிறது, தட்டுக்கணக்கு ஒரு வரிகூட இல்லை. பசியோடு 12 மணிக்கு உட்கார்ந்தால் சோறு எத்தனை கரண்டி? நாலு மணி டீயோடு மிக்சரா? எட்டு மணி ஆகப்போகிறதே என்று ஏழே முக்காலுக்கு இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போகிறதா? ஒருபொழுது இருக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, விரதம் முடிந்ததும் வரும் வடை பாயசம் தெரியாததல்ல.

ராத்திரி பத்து மணிக்கு நொறுக்குத்தீனி டப்பாவைத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்து, இந்த முறையால் அது நின்றிருந்தால் தொடருங்கள். தலைவலி, எரிச்சல், நெஞ்செரிச்சல் என்று பகலைத் தள்ளிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. எப்படியானாலும் மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வையுங்கள். மாலையில் அரை மணி நேரம் நடங்கள், முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.