கண்டிக்கிறோமா, கண்டுகொள்ளாமல் விடுகிறோமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மாணவர் அமைப்பு ஒட்டிய கண்டன போஸ்டரில் 'வி கண்டோன் தி அட்டாக்' என்று அச்சாகிவிட்டது. பெரிய தப்பா? (திருமங்கலம்)

பெரிய தப்புதான். தாக்குதலைக் கண்டிக்கப் போய், 'நடந்தது நடந்துபோச்சு, விட்டுத்தள்ளுங்கள்' என்று ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறீர்கள். மதுரைக்காரர்கள் போஸ்டரை நின்று படிப்பவர்கள். ராத்திரியே மேலே வேறொன்றை ஒட்டிவிடுங்கள். நீங்கள் தேடியது 'கண்டெம்'. எழுதும்போது கடைசியில் வரும் 'என்' அதில் ஒலிக்காது. 'கண்டெம்னேஷன்' என்று நீளும்போதுதான் ஒலிக்கும்.

'கண்டோன்' உங்களுக்குப் புதிதும் இல்லை. வருகைப்பதிவு குறைந்தால் கல்லூரியில் 'கண்டோனேஷன் ஃபீஸ்' கட்டுகிறீர்களே, அதே சொல்தான். வராதது தப்பு, அது தப்பாகவே இருக்கட்டும், இந்த ஒருமுறை கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம். ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளையில் வக்கீல்கள் தினமும் போடும் 'கண்டோன் டிலே' மனுவும் இதே குடும்பம். கெடு தாண்டி அப்பீலுக்கு வருபவர் போதிய காரணம் காட்டினால், 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவு அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள இடம் தருகிறது. கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் வெளியே, 'வன்முறையை கண்டோன் செய்ய முடியாது' என்பதுபோல் எதிர்மறையோடுதான் இந்தச் சொல் பெரும்பாலும் வரும்.

அப்புறம், துக்கம் விசாரிக்க 'கண்டோல்'. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும்போது அதையாவது சரியாகப் போடுங்கள்.

கேள்வி: போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்த என் மாமனார், ஓட்ட லாயக்கில்லாத பஸ்ஸை 'கண்டம் ஆயிருச்சு' என்பார். ஜாதகத்தில் சொல்லும் கண்டமா? (மேலூர்)

இல்லை, 'கண்டெம்' தேய்ந்து கண்டமானது. இனி உதவாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்த வண்டி. இடிக்கவேண்டிய பழைய கட்டடத்துக்கும் இதே பேச்சுதான்.

கேள்வி: 'எக்ஸ்கியூஸ்' உச்சரிப்பு ஏன் மாறுகிறது? (உசிலம்பட்டி)

வினையென்றால் 'எக்ஸ்கியூஸ்' கடைசியில் தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிரும். பெயர்ச்சொல்லில் அதிராது.

கேள்வி: கோர்ட்டில் என்னை 'அக்விட்' செய்துவிட்டார்கள். ஆபீசில் '17பி' துறை விசாரணை இன்னும் முடியவில்லை. 'எக்ஸானரேட்' ஆனால்தான் ஆச்சு என்கிறார்கள். இரண்டும் விடுதலைதானே? (மதுரை)

விடுதலைதான், ஆனால் ஒன்றல்ல. இந்த மாதிரிச் சொற்களுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே: தப்பு நடந்ததாக இந்தச் சொல் ஒத்துக்கொள்கிறதா? 'அக்விட்' அதற்குள் போவதில்லை. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். துறை விசாரணைக்கு அவ்வளவு கெட்டியான நிரூபணம் வேண்டாம், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும். அதனால்தான் கோர்ட் விட்டாலும் ஆபீஸ் விடுவதில்லை. 'எக்ஸானரேட்' என்றால் பழி உங்கள் மேல் இல்லை என்றே சொல்லிவிடுவது. லத்தீன் வேரில் சுமையை இறக்கிவைப்பது என்று பொருள்.

நம்மூர்க் கதையிலேயே பாருங்கள். கோவலனுக்கு ஒழுங்கான விசாரணையே நடக்கவில்லை, ஆகவே அவன் 'அக்விட்' ஆனான் என்று எழுத முடியாது. அரசியின் சிலம்பில் முத்து. உடைத்த சிலம்பில் தெறித்தது மாணிக்கம். அந்த நொடியில் அவன் 'எக்ஸானரேட்' ஆனான், உயிர் போன பிறகு. பாண்டியன் ஒருவேளை 'பார்டன்', அதாவது மன்னிப்பு, கொடுத்திருந்தால் கண்ணகிக்குக் கோபம் கூடியிருக்கும். 'பார்டன்' வாங்கினால் திருடன் என்று ஒத்துக்கொண்டது போலத்தானே! ஆளுநர் அரசமைப்புச் சட்டம் 161-ன்படி தருவதும் தண்டிக்கப்பட்டவருக்குத்தான்.

கேள்வி: 'சென்ஷர்' என்று என் ஆபீஸ் ஆர்டரில் இருக்கிறது. சினிமா சென்சாரா? (வாடிப்பட்டி)

சினிமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது எழுத்தில் தரும் கண்டனம், சிறு தண்டனைகளில் மிக லேசானது. லேசுதான் என்று காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பதவி உயர்வுப் பேச்சு வரும்போது தலைகாட்டக்கூடும்.