கழுத்துக் குழாய்க்கு ஈரக் காற்று எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நாக்கில் புற்றுநோய் என்று பாலக்காட்டு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்து, கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்து, மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி 97 சதவீதம் காட்டியும், வெதுவெதுப்பான காற்றை ஊதும் இயந்திரம் ஒன்றைக் கழுத்துக் குழாயோடு இணைத்திருக்கிறார்கள். நர்ஸ் சேச்சி மலையாளத்தில் விளக்கியது பாதிதான் புரிந்தது. நுரையீரல் கெட்டுவிட்டதா? வீட்டுக்குச் சிலிண்டர் வாங்க வேண்டுமா?
– ஒரு மகள், கொழிஞ்சாம்பாறை

பதில்: அஞ்ச வேண்டாம், சகோதரி. நுரையீரல் கெடாமல் காப்பதற்கே பெரும்பாலும் இந்த இயந்திரத்தை இணைக்கிறார்கள். பல மணி நேரம் மயக்க மருந்தில் படுத்திருப்பவருக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்றறைகள் சுருங்கிக்கொள்ளும். வலியால் கபத்தை நன்றாக இருமித் துப்பவும் முடியாது. வாயில் ஊறும் எச்சிலும் கசியும் இரத்தமும் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும்.

மூக்கால் இழுக்கும் காற்று நுரையீரலைச் சேர்வதற்குள் 37 டிகிரி வெப்பத்தையும் முழு ஈரத்தையும் பெற்றுவிடுகிறது. கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுபவருக்கு இந்த வசதி இல்லை. மருத்துவ ஆக்சிஜனோ ஈரமே இல்லாத வறண்ட வாயு. அதை அப்படியே செலுத்தினால் கபம் கெட்டியாகி, குழாயின் உட்புறத்தில் பிசின் போல ஒட்டிக் காய்ந்து, மூச்சையே அடைத்துவிடும். தாங்கள் பார்த்தது ‘ஹை ஃப்ளோ’ இயந்திரமாக இருக்க வேண்டும். அது காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, சூடாக்கி, ஈரமூட்டி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தக்கூடியது. அதில் ஆக்சிஜனை, சாதாரணக் காற்றில் உள்ள 21 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆக்சிஜன் தேவை குறைந்த பிறகும் ஈரத்துக்காக அதைத் தொடர்வதுண்டு.

அதே நேரத்தில், இயந்திரம் இருக்கிறதே என்று மற்றவற்றைக் கைவிடக் கூடாது. சக்ஷன் (உறிஞ்சும் கருவி) வைத்துக் கபத்தை எடுப்பது, தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வைப்பது, மருத்துவர் அனுமதித்ததும் நாற்காலியில் அமர்த்தி நடக்கவைப்பது, பிசியோதெரபி ஆகிய அனைத்தும் ஆக்சிஜனுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல என்பதே என் உறுதியான கருத்து. 97 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். கூடுதல் ஆக்சிஜன் போகும்போது, உள்ளே கபம் சேர்ந்துகொண்டிருந்தாலும் எண் சிறிது நேரம் நன்றாகவே இருக்கும். ஆக்சிஜன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பதும் தவறு. பலருக்கு 94 முதல் 98 வரை போதும். நெடுங்காலம் பீடி புகைத்து நுரையீரல் கெட்டவர்கள் சிலருக்கு 88 முதல் 92 வரை வைப்பதே பாதுகாப்பு. அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் எழுதித் தராமல் சிலிண்டர் வாங்காதீர்கள். குழாயோடு வீடு திரும்பினால் ஈரத்தைக் காப்பதே முதல் வேலை. அதிலும் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கபம் விரைவில் காய்ந்துவிடும். குழாயில் மாட்டும் ஈரம் காக்கும் ஃபில்டர், உப்புநீரை நுண்துளிகளாக்கித் தரும் சலைன் நெபுலைசர் இவற்றில் எது ஏற்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்துக் குழாய்க்குள் இருக்கும் உட்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டுவதை, வார்டிலேயே நர்ஸ் பார்த்திருக்கத் தங்கள் கையால் செய்து பழகுங்கள்; சொல்வது புரியாவிட்டால் செய்துகாட்டச் சொல்லுங்கள். குழாயில் விசில் சத்தம், இரத்தம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத பதற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்பாவின் குரல்வளையை எடுக்கவில்லை என்றால், வீக்கம் வற்றி, எச்சிலைத் தாமே சமாளிக்கத் தொடங்கியதும் குழாயை எடுத்துவிடுவது வழக்கம். குரல்வளையை முழுவதுமாக எடுத்தவர்களின் நிலை வேறு; அவர்களுக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இருக்காது. ஆம்புலன்ஸில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தால் ஒரு துளியும் உள்ளே போகாது. அத்தகையோர் வீட்டில் இருப்பின், ‘கழுத்துத் துளையில் மட்டுமே ஆக்சிஜன் வைக்கவும்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டையை அவர்கள் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருங்கள்.