வெயில் மிஞ்சும்போது நீலப்பச்சைப் பாசி என்ன செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி (பள்ளி மாணவர்): ஒளியை உண்டு வாழும் உயிருக்கு ஒளியே எப்படிக் கேடு செய்யும்?

பதில்: பச்சையம் வாங்கும் ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்துக்கு எல்லை உண்டு. மிஞ்சியது அருகிலுள்ள ஆக்சிஜனுக்குத் தாவினால், சிங்லெட் ஆக்சிஜன் எனும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவம் உருவாகிப் புரதங்களையும் சவ்வுகளையும் சிதைக்கும். கரோட்டினாய்டு எனும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளை இழந்த, ஒளியால் வாழும் ஓர் ஊதா பாக்டீரியா வகையை 1955இல் ஆராய்ந்தபோது, காற்றில்லாத வெளிச்சத்திலும் காற்றுள்ள இருட்டிலும் அது நன்றாகவே வளர்ந்தது. காற்றும் வெளிச்சமும் சேர்ந்தபோதுதான் மடிந்தது. அந்த நிறமிகளே இக்கேட்டிலிருந்து காக்கின்றன என்பது இதனால் தெரிந்தது.

கேள்வி (முதுகலை மாணவி): ஆரஞ்சு கரோட்டினாய்டு புரதம் இதை எவ்வாறு தடுக்கிறது?

பதில்: நீலப்பச்சைப் பாசியில் 1981இலேயே அறியப்பட்ட இப்புரதத்தின் வேலை 2006இல்தான் தெளிவானது. இரண்டு பகுதிகளாலான இதன் நடுவே ஒரே ஒரு கரோட்டினாய்டு மூலக்கூறு இரு பகுதிகளையும் தொட்டபடி பதிந்திருக்கிறது. நீலப்பச்சை ஒளியை அந்த நிறமியே உறிஞ்சும்போது அதன் ஒரு முனையைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, அது ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நகர்ந்து ஒரு பகுதிக்குள் முழுவதுமாகப் புகுந்துகொள்ள, இரு பகுதிகளும் விலகிப் புரதம் சிவப்பாகிறது. சிவந்த புரதம், ஒளியைத் திரட்டும் பைகோபிலிசோமின் மையத்தில் ஒட்டிக்கொண்டு, பச்சையத்துக்குப் போகவிருந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கழிக்கிறது. ஒரு பைகோபிலிசோமில் இரண்டிரண்டாக நான்கு புரதங்கள் அமர்வதை 2022இல் வெளியான அமைப்புப் படம் காட்டியது. உறிஞ்சப்படும் ஒளித்துகள்களில் மிகச் சிலவே இம்மாற்றத்தைத் தூண்டுகின்றன. இதைக் குறையாக எண்ண வேண்டாம். சிற்றொளியிலும் விழித்துக்கொண்டால் உணவுக்கான ஆற்றல் வீணாகுமே!

கேள்வி: சிவப்பு விளக்கில் வளர்த்தால் இது வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் சிவப்பொளி இதை எழுப்பாது.

கேள்வி: வெயில் தணிந்த பின்?

பதில்: இருட்டில் தானாகவே மெல்ல ஆரஞ்சு நிலைக்குத் திரும்பும். அதை விரைவுபடுத்தும் துணைப்புரதம் ஒன்று 2010இல் கண்டறியப்பட்டது.

கேள்வி (ஸ்பைருலினா வளர்ப்பவர்): புதிதாகத் தொடங்கிய தொட்டி வெயிலில் வெளிறிவிட்டது. இப்புரதம் இல்லாததுதான் காரணமா?

பதில்: இல்லை. இப்புரதத்தின் முதல் படிக அமைப்பே, ஸ்பைருலினா என்று விற்கப்படும் ஆர்த்ரோஸ்பைராவிலிருந்து எடுத்து 2003இல் வெளியிடப்பட்டதுதான். ஆனால் பச்சையம் நேரடியாக உறிஞ்சும் ஒளியை இது தடுக்காது. நீர்த்த கலவையில் இழைகள் ஒன்றுக்கொன்று நிழலும் தராது. காலைக் குளிர் நீங்காத நீரில் கடும் வெயில் விழுந்தால் பாதிப்பு இன்னும் கூடும். கலவை அடர்ந்து கரும்பச்சையாகும்வரை நிழல்வலை கட்டி, நீரை அடிக்கடி கலக்கிவிடுங்கள்.